ஏட்டம்மாவின் செவ்வாய்க்கிழமைத் தலைவலி

ஆனந்தவள்ளிக்குத் தண்ணீரின் குணம் தெரியும். குற்றாலம் பேரருவியில் பெண்கள் குளிக்கிற பக்கம், ஈரப் படியில் ரப்பர் செருப்போடு நின்று ஒன்பது சீசனாக அவள் பார்த்துவந்தது குளிக்கிறவர்களை அல்ல, விழுகிற தண்ணீரை. மலைமேல் மழை பெய்தால் யாரும் கீழே சொல்லியனுப்ப மாட்டார்கள். முதலில் சருகு இரண்டு மூன்று வரும். பிறகு சுள்ளி. வெள்ளைத் தண்ணீர் டீத்தண்ணி நிறத்துக்குத் திரும்பும். சத்தம் கொஞ்சம் கனக்கும். அதன்பிறகு ஐந்து நிமிடம்தான். அதற்குள் இருநூறு பெண்களை, இடுப்பில் பிள்ளையோடும், கொண்டுவரக் கூடாது என்று போர்டு வைத்திருக்கிற ஷாம்பூவின் நுரையோடும் வெளியே இழுத்துப் போட்டுவிட வேண்டும்.

"ஏ பச்சச் சேலை, ஒன்னத்தாம்மா! போதும் வா. அருவி எங்கயும் ஓடிறாது, நாளைக்கும் இங்கனதான் விழும்!"

இப்படி அவள் கத்தினால் பச்சைச் சேலைக்குக் கோபம் வராது. சிரித்துக்கொண்டே வெளியே வரும். அவள் கத்தலில் அப்படி ஒரு ருசி.

வயது நாற்பத்திரண்டு. கீழப்பாவூரில் பிறந்தவள். அப்பா பாண்டிராஜ் போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மகளும் ஏட்டாகிவிட்டாள், ஊருக்கு ஏட்டம்மா. புருஷன் பரமசிவன் மேலகரத்தில் தென்னந்தோப்பும் கொஞ்சம் வயலும் பார்க்கிறவர். மாமியார் முப்பிடாதியம்மாள் கூடவே இருக்கிறாள். ஒரே மகள் திருநெல்வேலியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். ஒரு குறையும் சொல்ல முடியாத குடும்பம், அந்தத் தலைவலியைத் தவிர.

எல்லோருக்கும் வருகிற தலைவலி அல்ல அது. முதலில் கண்ணில் வரும். பார்க்கிற இடத்தின் இடது ஓரத்தில் ரம்பப்பல் மாதிரி ஒரு வெளிச்சக் கோடு முளைத்து, மினுக்கிக்கொண்டே பெரிதாகும். கோட்டுக்கு உள்ளே இருப்பது தெரியாது. இருட்டாகவும் இருக்காது, வெறுமனே இல்லாமல் போயிருக்கும். எதிரே நிற்கிறவருக்கு ஒரு கன்னம் இருக்காது. இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் அது விலகும். விலகியதும் வலது பொட்டில் உலக்கை இறங்கத் தொடங்கும். பிறகு வாந்தி. வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, அடுத்த வீட்டில் கடுகு தாளித்தால்கூட ஆகாது. மறுநாள் எழுந்தால் உடம்பு கல்லில் அடித்துப் பிழிந்த துணியாகக் கிடக்கும்.

அந்த நாட்களில் பரமசிவன் செய்கிற காரியங்கள் நாலுதான். ஜன்னலில் சாக்குப் படுதாவை இறக்குவார். கட்டிலோரம் ஒரு வாளி வைப்பார். ஈரத்துண்டு ஒன்றைப் பிழிந்து கையில் கொடுப்பார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விடுவார். வலிக்கிறவளிடம் பத்து நிமிடத்துக்கு ஒருதரம் வந்து "இப்ப எப்படி இருக்கு" என்று கேட்பது பணிவிடை இல்லை, தொந்தரவு. இது அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருந்தது. வீட்டை ஒட்டித்தான் கிணற்று மோட்டார். அன்றைக்கு அதைப் போட மாட்டார்.

ஸ்டேஷனில் ஒருவருக்கும் தெரியாது. அவள் தெரியவிடவில்லை. 'மெடிக்கல்' என்று ஒரு காகிதம் தன் பெயரில் ஏறிவிட்டால் அருவியிலிருந்து தூக்கி கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்த்திவிடுவார்கள் என்று பயம். அவளுக்கு அந்தப் படிதான் உத்தியோகம். மற்றதெல்லாம் சம்பளத்துக்கு.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு தலைவலி என்றால் இங்கே எல்லோருக்கும் ஒரே தீர்ப்புதான்: நீர் கோத்துக்கொண்டது. சாரலில் நிற்கிறவளுக்கு நீர் கோக்காமல் வேறென்ன கோக்கும்? நொச்சி ஆவி பிடித்தாள். சுக்கை இழைத்துப் பற்றுப் போட்டு நெற்றித் தோல் உரிந்தது. கண்ணாடிக் கடைக்காரர் ஒரு கண்ணாடி கொடுத்தார். கடைசியில் மருந்துக்கடை மாத்திரைதான் கைகொடுத்தது. முதலில் வலித்தால் ஒன்று. பிறகு இரண்டு. பிறகு வலிக்கப்போகிறதோ என்று ஒன்று. காக்கிச் சட்டைப் பையில் அட்டை இல்லாமல் அவள் வீட்டைவிட்டு இறங்கிய நாளே கிடையாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் முப்பிடாதியம்மாள் கேஸை மேலிடத்துக்குக் கொண்டுபோனாள். மருமகள் தலைவலி தீர்கிறவரைக்கும் செவ்வாய்க்கிழமை தோறும் இலஞ்சி முருகனுக்கு விரதம் என்று நேர்ந்துகொண்டாள். காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் மட்டும். சாயங்காலம் கோயிலுக்குப் போய்விட்டு வந்துதான் சாப்பாடு. "நீ மட்டும் பட்டினி கெடந்தா நல்லாருக்காது, நானும் கெடக்கேன்" என்று அவளும் கூடவே இருந்தாள். அறுபத்தெட்டு வயதில் மருமகளுக்காகப் பட்டினி கிடக்கிற மாமியாரை எந்த ஊரில் பார்க்க முடியும்? ஆனந்தவள்ளி ஒரு செவ்வாய்கூடத் தவறவில்லை.

அந்த ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் வெறும் வயிற்றோடு படியில் நின்றாள். மணி மூன்று இருக்கும். கூட்டம் நெரிந்தது. கூட நின்றவள் குழல்வாய்மொழி, சிவகிரிப் பெண், இரண்டாவது சீசன் பார்க்கிற இளம் போலீஸ். வெயில் விட்டு விட்டு அடித்தது, தண்ணீரைப் பார்க்கக் கண் கூசியது. ஆனந்தவள்ளி அதை வெயில் என்றுதான் நினைத்தாள். கண்ணைத் துடைத்தாள். ரம்பம் போகவில்லை. இடது பக்கத்துப் பாறை இல்லை. அங்கே நின்ற பெண்கள் இல்லை. பையைத் தடவி ஒரு மாத்திரையை வாயில் போட்டு மென்றாள். இன்னும் இருபது நிமிடம், சமாளித்துவிடலாம் என்று நினைத்தாள். இப்படி எத்தனையோ தடவை சமாளித்திருக்கிறாள்.

விசில் சத்தம் கேட்டது. அவளுடையது அல்ல.

"வெளிய வாங்க! எல்லாரும் வெளிய வாங்க! தண்ணி வருது!" குழல்வாய்மொழி தொண்டை கிழியக் கத்திக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். ஆனந்தவள்ளிக்குப் பதறியது. பழக்கம் கால்களுக்கு இருந்தது, அவளும் இறங்கினாள். கைக்கு அகப்பட்ட தோள், முந்தானை, சடை எதையும் விடாமல் இழுத்து மேலே தள்ளினாள். பாதிப் பார்வையில் பாதிப் பேரைத்தான் அவள் பார்த்தாள். நாலாவது நிமிடத்தில் தண்ணீர் காவி நிறத்தில், குளிக்கிற இடத்துப் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டிக் கொட்டியது. மதுரைப் பக்கத்துப் பாட்டி ஒருத்தி வழுக்கி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். வேறு சேதமில்லை.

யாரோ செல்போனில் எடுத்த படத்தில் ஆனந்தவள்ளி ஒரு கையில் குழந்தையும் மறுகையில் அதன் தாயுமாகப் படியேறுவது நன்றாக விழுந்திருந்தது. அன்று பொழுது சாய்வதற்குள் குற்றாலம், தென்காசி முழுக்கச் சுற்றிவிட்டது. அதற்கெல்லாம் முன்னமே, கூட்டம் வெளியேறிய கொஞ்ச நேரத்தில் சப்-இன்ஸ்பெக்டர் உமாதேவி வந்து தோளைத் தட்டினார். ஆனந்தவள்ளியைவிட எட்டு வயது இளையவர், கறாரானவர், சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். அன்றைக்குச் சிரித்தார்.

"ஏட்டம்மா, பிரமாதம். ஒங்க பேர எழுதி மேல அனுப்பப் போறேன். சுதந்திர தினத்துக்கு கலெக்டர் கையால சர்டிபிகேட் வாங்குறீங்க."

ஆனந்தவள்ளி சல்யூட் அடித்தாள். வலது பொட்டில் உலக்கை அப்போதுதான் இறங்க ஆரம்பித்திருந்தது.

கிளம்புகிற நேரத்தில் குழல்வாய்மொழி பக்கத்தில் வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"யக்கா, நான் ரெண்டு தடவ கைய ஆட்டுனேன்லா. சருகு வருது, பாருங்கன்னு. நீங்க ஏன் சும்மா நின்னிய?"

"பாக்கலட்டி."

"பத்தடிதான்க்கா. ஒங்க இடப்பக்கம் நேரா நின்னேன்."

"பாக்கலன்னு சொல்லுதேன்லா!"

குழல்வாய்மொழி அதற்குமேல் கேட்கவில்லை. கேட்காமல் போனதுதான் ஆனந்தவள்ளியைக் குத்தியது.

மறுநாள் முழுக்கப் படுதாவுக்குள் கிடந்து, அதற்கு மறுநாள் சாயங்காலம் தலை தெளிந்ததும் புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பரமசிவன் தேங்காய் உரித்துக்கொண்டே கேட்டார். உரிக்கிறதைப் பாதியில் நிறுத்திவிட்டு உள்ளே போய், சுவரில் கிடந்த உரக்கடைக் காலண்டரை ஆணியோடு கழற்றிக்கொண்டு வந்தார்.

"ஒண்ணு சொல்லுதேன். கோவப்படப்பிடாது."

"சொல்லுங்க."

"தெக்கு வரிசைத் தென்னை பதினாலும் வாடுது. மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு. உரம் ஒண்ணு, கெணறு ஒண்ணு. என்ன கோளாறுன்னு ஒரு மாசமா மண்டைய ஒடைச்சேன்."

"நான் என்ன சொல்லுதேன், நீங்க தென்னைய சொல்லுதிய."

"கேளு. வரிசைக்கு ஒரு கெழம மொறை. தெக்கு வரிசைக்குச் செவ்வாக்கெழம சாயங்காலம். ஒனக்கு வலிச்சா நான் மோட்டார் போடுததில்ல, போடாத நாளைக்கு இதுல சுழி போட்டுருவேன். சித்திரையிலருந்து பதினஞ்சு செவ்வா போயிருக்கு. பன்னெண்டுல சுழி."

காலண்டரை அவள் மடியில் வைத்தார். மற்ற நாட்களிலும் அங்கங்கே சுழி இருந்தது. ஆனால் செவ்வாய்க்கிழமைகளின் வரிசை மேலிருந்து கீழே சட்டைப் பொத்தான் மாதிரி இறங்கியது. செவ்வாய்க்கிழமையில் என்ன விசேஷம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அந்த விசேஷத்துக்குச் சொந்தக்காரி அடுப்பங்கரையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். 

தென்காசியில் டாக்டர் உவைஸிடம் போனார்கள். கடையநல்லூர்க்காரர், நரம்பு பார்க்கிறவர். அவர் கேட்ட கேள்விகளில் பாதி ஆனந்தவள்ளியிடம் இதுவரை யாரும் கேட்காதவை. வலி படிப்படியாக ஏறுமா, இடி விழுந்த மாதிரி ஒரே நொடியில் வருமா? காய்ச்சலோடு வந்ததுண்டா? கை கால் மரத்ததுண்டா, பேச்சு குழறியதுண்டா? கண்ணுக்குள் லைட் அடித்துப் பார்த்தார். கோடு போட்ட மாதிரி நேராக நடக்கச் சொன்னார். பிறகு உட்காரச் சொன்னார்.

"மாத்திரை எவ்வளவு போடுறீங்க?"

"எப்பவாவது ஒண்ணு, சார்."

பரமசிவன் வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து மேசையில் கவிழ்த்தார். ஏழு காலி அட்டைகள் விழுந்தன.

"இவ காக்கிச்சட்டை தொவைக்கது நாந்தான், சார். இது ஒரு மாசத்துக் கணக்கு."

அப்போது ஆனந்தவள்ளி புருஷனைப் பார்த்த பார்வைக்கு இ.பி.கோ.வில் பிரிவு இருந்தால் அவர் உள்ளே போயிருப்பார். டாக்டர் அட்டைகளை எண்ணிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏட்டம்மா, இது நீர் இல்ல, கண்ணு இல்ல. ஒத்தத் தலைவலின்னு நம்ம பெரியவங்க சொன்னதுதான், மைக்ரேன். சில பேருக்குப் பொறப்புலயே கண்டிஷன் போடுற தலை. நேரத்துக்குச் சோறு, நேரத்துக்குத் தூக்கம், தண்ணி. ஒண்ணு தவறுனாலும் சண்டைக்கு வரும். நீங்க வாரம் ஒரு நாள் பட்டினி போட்டு நீங்களே சண்டைக்குக் கூப்பிடுறீங்க. அதுக்கு மேல இந்த மாத்திரை. மாசத்துல பத்து நாளுக்கு மேல இத முழுங்குனா, வலிக்கு மாத்திரைங்கது போயி மாத்திரைக்கு வலின்னு ஆயிரும்."

"கொணமாயிருமா, சார்?"

"கட்டுக்குள்ள வரும். கொணமாயிரும்னு சொன்னா நான் பொய் சொல்லுதேன்னு அர்த்தம்."

இந்த மாத்திரைகளை அடியோடு நிறுத்த வேண்டும், நிறுத்தினால் முதல் பத்து நாள் வலி இரண்டு பங்காகத் தாக்கும், அந்தப் பத்து நாள் வேலைக்குப் போகக் கூடாது என்றார். வலி வராமல் தடுக்க ராத்திரி ஒரு மாத்திரை, மாதக் கணக்கில் சாப்பிட வேண்டியது. வந்துவிட்டால் போட வேறொன்று, ஆரம்பத்திலேயே, அதுவும் வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் கூடாது. கண்ணில் ரம்பம் தெரிகிற நேரத்தில் வண்டி ஓட்டக் கூடாது, ஆட்களைக் காக்கிற வேலையும் பார்க்கக் கூடாது. லீவுக்கு அவரே கடிதம் எழுதிக்கொடுத்தார். எழுதும்போது, "வீட்ல வேற யாருக்கும் உண்டா?" என்றார்.

"இல்ல சார்."

"ஒங்க அப்பாவுக்கு?" என்றார் பரமசிவன், தயங்கி.

"அது வேற. அது குடி."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே அந்தச் சொல் இடறியது. அப்பா மாதத்துக்கு நாலைந்து நாள் இருட்டறையில் கிடப்பார். வாந்தி எடுப்பார். சத்தம் போட்டால் சீறுவார். கீழப்பாவூர் முழுக்கப் பாண்டிராஜ் ஏட்டு குடிகாரர் என்றுதான் பேச்சு. ஆனால் அவர் மேல் சாராய வாடை அடித்ததாக ஒரு நாள்கூட அவளுக்கு நினைவில்லை.

முதலில் மாமியார் விஷயம் தீர வேண்டும். அன்று மத்தியானமே உட்கார்ந்து சொன்னாள். முப்பிடாதியம்மாள் முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப முருகந்தான் ஒனக்குத் தலவலி தாரான்னு அந்த டாக்டர் சொல்லுதானா?" என்றாள்.

"பட்டினி கெடந்தா வருதாம், அத்தை."

"நானும்தான் மூணு வருசமா பட்டினி கெடக்கேன். எனக்கு ஒரு மண்ணும் வரலியே!"

"ஒங்க தலை வேற, என் தலை வேற."

"அது சரிதான். என் தலை ஒழைச்ச தலை." விருட்டென்று எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு இலஞ்சி ஆட்டோவில் ஏறிவிட்டாள். ஒரு மணி நேரம் கழித்து நெற்றி நிறையத் திருநீறோடு திரும்பினாள்.

"சொல்லிட்டு வந்துட்டேன். நேந்தது நாந்தான், நீ இல்ல. ஒம் பங்குக்கும் சேத்து நானே இருந்துக்கிடுதேன். ஏட்டி, இனிமே செவ்வாக்கெழம நீ அஞ்சு இட்லி தின்னாமப் படி எறங்குன, நான் படியிலயே படுத்துக்கிடுவேன்."

"நீங்க பிரஷர் மாத்திரை போடுத ஆளு. மோராவது குடிச்சாத்தான் நான் இட்லி திம்பேன்."

"மோரு வெரதத்துக்கு ஆவும்," என்றாள் கிழவி. மறைக்க நினைத்தும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. மூன்று வருஷமாக அவளுக்கும் பசித்திருக்குமே.

லீவுக் கடிதம் மட்டும் பையிலேயே கிடந்தது. சீசன் நேரத்தில் போலீஸில் செத்தால்தான் லீவு. கடிதத்தைக் கொடுத்தால் அருவி போய்விடும். கொடுக்காவிட்டால் தனக்குச் சேராத சர்டிபிகேட் வந்துவிடும். பையில் கடிதத்தையும் கையில் சர்டிபிகேட்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள அவளால் முடியவில்லை. இரண்டு நாள் கழித்துப் பரமசிவனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து கீழப்பாவூருக்குப் போனாள்.

பாண்டிராஜ் எழுபத்துநாலு வயதிலும் முறுக்கின மீசையோடு சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மருமகன் நாகரிகமாகக் கடைப்பக்கம் ஒதுங்கிக்கொண்டார்.

"அப்பா, ஒங்களுக்கு எந்தப் பக்கம் வலிக்கும்?"

அவர் நிமிரவில்லை. சங்கிலியில் இன்னும் இரண்டு சொட்டு விட்டார்.

"வலது."

"கண்ணுல ரம்பம் மாதிரி வருமா?"

"ஒனக்கும் வருதா?" இப்போது நிமிர்ந்தார். மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுத் துணியில் கையைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "அறுவது வயசோட எனக்கு விட்டுப்போச்சு."

"ஊரே குடிகாரன்னு சொல்லிச்சு. நானும் அப்படித்தான் நெனச்சேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"யாருகிட்ட? ஏட்டுக்குத் தலவலின்னா ஸ்டேஷன்ல பொம்பளையளுக்கு வருத சீக்குன்னு சிரிப்பானுவ. குடிச்சிருக்கான்னா 'சரி, கெடக்கட்டும், நாளைக்கு வருவான்'னு விட்டுருவானுவ. குடிகாரன் பேரு சௌகரியமா இருந்துச்சு."

"அம்மைக்கு?"

"அவளுக்குத் தெரியும். கதவச் சாத்துனதே அவதான்." பெடலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். "ரெண்டு புரமோஷன் போச்சு, குடியன்னு எழுதி. நீ என்னமாதிரி மறைச்சு வைக்காத, பிள்ள."

 கிளம்பும்போது ஒரு சீப்புப் பழத்தை அவள் கையில் திணித்தார்.

மறுநாள் காலை சப்-இன்ஸ்பெக்டர் உமாதேவியின் மேசைக்கு முன்னால் நின்று ஆனந்தவள்ளி கடிதத்தை வைத்தாள். செவ்வாய்க்கிழமை நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். தண்ணீர் வருவதை முதலில் கண்டது தானல்ல, குழல்வாய்மொழி என்றாள். உமாதேவி கடிதத்தை இரண்டு தரம் படித்தார்.

"எத்தனை வருஷமா?"

"பதினோரு வருஷம், மேடம்."

"ஒன்பது சீசன் அந்தப் படியில நின்னிருக்கீங்க. பாதிக் கண்ணோட."

"எப்பவும் இல்ல மேடம், வாரத்துல…"

"பேசாதீங்க." உமாதேவியின் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "தலைவலி வந்தது குத்தமில்ல. எனக்குத் தெரியாம அங்க நின்னீங்களே, அதுதான் குத்தம். ஒரு பிள்ள போயிருந்தா நானும் நீங்களும் என்ன சொல்லுவோம்?"

உமாதேவி சர்டிபிகேட்டுக்கு எழுதி வைத்திருந்த தாளை எடுத்து, பெயரை ஒரே கோட்டில் அடித்து, மேலே குழல்வாய்மொழி என்று எழுதினார். பத்து நாள் மருத்துவ விடுப்பு. அதன்பிறகு சீசன் முடிகிறவரைக்கும் அருவிப் பக்கமே கிடையாது, வண்டிகள் நிறுத்துமிடத்தில் டூட்டி. "டாக்டர் எழுதித் தரட்டும். அப்புறம் பாக்கலாம். பாக்கலாம்னுதான் சொல்றேன்." வாசல்வரைக்கும் போனவளைக் கூப்பிட்டார். "ஏட்டம்மா, சாப்பிட்டீங்களா?"

"அஞ்சு இட்லி, மேடம்."

"சரி, போங்க."

அந்தப் பத்து நாட்களைப் பற்றி அழகாகச் சொல்ல ஒன்றுமில்லை. மாத்திரை கேட்டு நாலாவது நாள் அவள் அழுதாள், ஐந்தாவது நாள் திட்டினாள். பரமசிவன் மருந்துக்கடைக்காரரிடம் முன்னமே சொல்லிவைத்திருந்தார். மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் ஏதாவது ஆகாரம், கஞ்சியோ பழமோ, பேசாமல் வைத்துவிட்டுப் போனார்கள் தாயும் மகனும். ஒரு நாள் முப்பிடாதியம்மாள் கொடுத்த டம்ளர் சுவரில் போய் விழுந்தது. "எறி, பித்தளதான், ஒடையாது" என்று எடுத்துக் கழுவிவிட்டு மறுபடி ஊற்றிக்கொடுத்தாள். பதினோராவது நாள் காலை ஆனந்தவள்ளி தானாக எழுந்து படுதாவைத் தூக்கினாள். வெளிச்சம் வெறும் வெளிச்சமாக இருந்தது.

ஆவணிவரைக்கும் கார்களுக்கு நடுவே நின்று, நேந்திரம் சிப்ஸ் வறுக்கிற எண்ணெய்ப் புகையில் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏ டெம்போ, ரிவர்ஸ் எடு!" என்று கத்தினாள். வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டதில் டிரைவர்கள் அவளுக்கு "சினிமா ஏட்டம்மா" என்று பட்டம் கட்டினார்கள். அருவிச் சத்தம் அங்கே கேட்கும், தண்ணீர் தெரியாது. அதுதான் கஷ்டம். புரட்டாசியில் காலண்டரை எண்ணியபோது மாதத்துக்கு மூன்று சுழி. தெற்கு வரிசைத் தென்னையில் புதுக் குருத்து விட்டிருந்தது. டாக்டர் கடிதம் கொடுத்தார்.

உமாதேவி உடனே ஒன்றும் சொல்லவில்லை. கார்த்திகையில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் நெட்டித் தள்ளி, ஆள் பற்றாமல் போனபோதுதான் கூப்பிட்டனுப்பினார். ஒரே ஒரு நிபந்தனை: பெண்கள் பக்கம் எப்போதும் இரண்டு பேர். கண்ணில் வந்த அந்த நொடியே அடுத்தவளிடம் சொல்லிவிட்டு விலக வேண்டும். "வெக்கப்பட்டு அரை நிமிஷம் தள்ளிப் போட்டீங்கன்னு தெரிஞ்சா, அன்னைக்கே முடிஞ்சுது."

பன்னிரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. பதின்மூன்றாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு வந்தது. முந்தின நாள் மகள் வந்திருந்ததால் பேச்சில் தூக்கம் கெட்டிருந்தது. இடது ஓரத்தில் சின்னதாக, நகம் அளவுக்கு, மினுக்கியது. ஒரு கணம் அவள் சும்மா நின்றாள். யாருக்கும் தெரியப் போவதில்லை. தண்ணீர் வெள்ளையாகத்தான் விழுந்துகொண்டிருந்தது.

"ஏட்டி குழலு! கண்ணுல வந்துட்டு. நீ பாத்துக்கோ."

"சரிக்கா. போங்க." குழல்வாய்மொழி கண்ணைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலே ஓரடி நகர்ந்து நடுப்படிக்கு வந்துவிட்டாள். ஆண் போலீஸ் ஒருவரைக் கை காட்டி வேறொரு பெண் போலீஸை அனுப்பச் சொன்னாள்.

உடை மாற்றுகிற அறையின் மூலையில், வெளிச்சம் படாத பக்கம், ஆனந்தவள்ளி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். டாக்டர் கொடுத்த மாத்திரை ஒன்று, ஒரு பாட்டில் தண்ணீர், இரண்டு வாழைப்பழம். கண்ணை மூடிக்கொண்டாள். ஈரச்சேலை பிழிந்துகொண்டிருந்த ஒரு நடுத்தர வயதுக்காரி பார்த்தாள்.

"என்னம்மா, போலீஸுக்கே முடியலியா?"

"ஒத்தத் தலைவலிம்மா."

"அய்யோ, எங்க மதினிக்கும் உண்டு. அருவியில தலையக் குடுத்தா சரியாப் போகுமாமே?"

"போகாது. நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்க. நல்ல டாக்டரப் பாக்கச் சொல்லுங்க. இப்ப அந்த லைட்ட அணைச்சிட்டுப் போறியளா?"

அந்த அம்மாள் விளக்கை அணைத்துவிட்டு, கதவையும் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனாள்.

வலி வந்தது. உலக்கையாக வரவில்லை, அம்மியில் யாரோ மெதுவாக அரைக்கிற மாதிரி வந்து அந்த மட்டிலேயே நின்றது. வாந்தி இல்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து எழுந்து, முகம் கழுவி, ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் எதிர்ச் சுவரை ஓரம் விடாமல் பார்த்தாள். பிறகு மறுகண். எல்லாம் இருந்தது. கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்கு வந்தாள்.

"யக்கா, போயிட்டா?"

"இல்ல, இன்னும் கொஞ்சம் கெடக்கு. கண்ணு தெளிஞ்சிட்டு. துணைக்கு அந்தப் பிள்ள நிக்காள்லா? மணி பன்னெண்டாச்சு, நீ மொதல்ல போயி சாப்புட்டுட்டு வா."